ரெண்டு மாத லீவில் பையனைப் படிக்க வைப்பது எப்படி? நோட்டுப் போட்டுத் தோற்றவன் கேட்கிறேன்

பால்கணக்கு, கொழிஞ்சாம்பாறை பக்கம் | ஏப்ரல் 4

எல்லாருக்கும் வணக்கங்க. கேரளாவில் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு. ஊர்ப் பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறேன். காலையில் ஐந்தரைக்குப் போனால் எட்டு மணிக்கு வருவேன், மறுபடி சாயங்காலம் மூன்று மணிக்குப் போக வேண்டும். நடுவில் கிடைக்கிற நேரத்தில்தான் இந்தத் தலைவலி.

மகனுக்கு ஒன்பது வயது. நாலாம் வகுப்பு முடித்துவிட்டான். மலையாள மீடியம். பக்கத்திலேயே தமிழ் டிவிஷன் இருந்தது, ஆனால் பின்னால் கேரள அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சை என்று யோசித்து மலையாளத்தில் சேர்த்தோம். அது சரியா தப்பா என்று இங்கே யாரும் ஆரம்பிக்க வேண்டாம், வீட்டில் அந்தச் சண்டை நாலு வருடமாக நடந்துகொண்டுதான் இருக்கிறது. மலையாளம் கடகடவென்று வாசிக்கிறான். வீட்டில் பேசுவது முழுக்கத் தமிழ். ஆனால் தமிழ் எழுத்தைக் கண்டால் மட்டும் புதுக் கட்டுத்தரையைப் பார்த்த மாடு மாதிரி நின்றுவிடுகிறான்.

எழுத்தெல்லாம் தெரியும். இரண்டாம் வகுப்பிலேயே அவன் அம்மா உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். சிக்கல் வேறே. 'தங்கம்' என்று எழுதியிருந்தால் 'தங்க்கம்' என்கிறான், மலையாளத்துக்காரர்கள் சொல்கிற மாதிரி. 'பலூன்' என்று இருந்தால் 'பல்' என்பதில் வருகிற ப-வைப் போட்டு வாசிக்கிறான். ஒவ்வொரு வார்த்தையையும் உருட்டி உருட்டி முடிப்பதற்குள், வரியின் தொடக்கத்தில் என்ன இருந்தது என்பதே மறந்துபோகிறது. அப்புறம் எப்படிக் கதை பிடிக்கும்?

போன வருட லீவில் ஒரு காரியம் செய்தேன். பொள்ளாச்சிக்குப் போனபோது எட்டுச் சிறுவர் கதைப் புத்தகம் வாங்கினேன், கூடவே எண்பது பக்க நோட்டு ஒன்று. ஒரு கதை படித்தால் பத்து வரி அதில் எழுத வேண்டும், எழுதினால்தான் டிவி. மூன்று நாள் முக்கி முனகி எழுதினான். நாலாம் நாள் பார்த்தால் அழகாகப் பத்து வரி, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. எனக்கு ஒரே சந்தோஷம். படித்துப் பார்த்தேன். புத்தகத்தின் பின்னட்டையில் அச்சடித்திருந்ததை அப்படியே இறக்கியிருக்கிறான். கடைசி வரி: 'விலை ரூ. 60'.

கத்திவிட்டேன். அன்றைக்கு பீரோ மேலே ஏறிய அந்த எட்டுப் புத்தகமும் இன்னும் இறங்கவில்லை. நோட்டில் இப்போது என் மனைவி பிளவுஸ் அளவு எழுதுகிறாள்.

இந்த வருடமும் மார்ச் கடைசியில் பள்ளிக்கூடம் பூட்டிவிட்டார்கள், இனி ஜூன் 1-க்குத்தான் திறப்பு. பொள்ளாச்சியில் இருக்கிற இவன் மாமன் பிள்ளைகளுக்கு இன்னும் பரீட்சையே முடியவில்லை, அவர்கள் மே மாதம்தான் வருவார்கள். ஏப்ரல் முழுக்க இவன் தனி ஆள். வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பாலக்காட்டுப் பக்கம் 40 டிகிரியைத் தொடுகிறது. பகல் 11 முதல் 3 வரை வெயிலில் இறங்காதீர்கள் என்று அரசாங்கமே அறிவிக்கிறது. அந்த நாலு மணி நேரமும் என் போன் அவன் கையில்.

மலையாளத்திலேயே படிக்கட்டும் என்று விட்டுவிடலாமா, தமிழுக்கு இழுக்கவா? நோட்டு இல்லை என்றால் படித்தானா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அந்தப் போனை எப்படித்தான் வாங்குவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

பனங்காட்டான், வேலந்தாவளம் | ஏப்ரல் 4

தம்பி, லீவு என்றால் லீவு. நாங்களெல்லாம் ஏப்ரல் மாதம் புத்தகத்தைப் பார்த்தோமா? நுங்கு தின்றோம், தின்ற காயில் குச்சியைச் சொருகி வண்டி உருட்டினோம், வாய்க்காலில் தண்ணீர் வந்தால் அதிலேயே கிடந்தோம். ஆறாம் வகுப்பில் நான் படக்கதை படிக்க ஆரம்பித்ததே, என் அண்ணன் அதை நெல்லுக் குதிருக்குள் ஒளித்து வைத்ததால்தான். ஒளிக்காமல் இருந்திருந்தால் தொட்டிருக்க மாட்டேன்.

உங்கள் எட்டுப் புத்தகத்தையும் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுங்கள். இதெல்லாம் பெரியவர்கள் படிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சாவியை அவன் கண்ணில் படுகிற இடத்தில் போட்டு வையுங்கள். அவ்வளவுதான்.

---

நகரி டீச்சர் | ஏப்ரல் 5

எங்களுக்கும் ஒரு சித்தூர் உண்டு, ஆந்திராவில். நான் அந்தப் பக்கம். விசைத்தறி ஊர், தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். தமிழ்ப் பிரிவில் பத்தொன்பது வருடம் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும்தான் எடுத்தேன், அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. அதனால் இப்போது எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக.

முதலில் அந்த 'தங்க்கம்'. அது பையனுடைய சோம்பல் இல்லை, மந்தமும் இல்லை. அவன் ஒழுங்காகப் படித்திருக்கிறான் என்பதற்கு அடையாளம். மலையாளத்திலும் எங்கள் தெலுங்கிலும் க-வுக்கு மட்டும் நாலு எழுத்து. சத்தம் மாறினால் எழுத்தும் மாறும். கண்ணால் பார்த்ததை அப்படியே வாயால் சொன்னால் போதும். தமிழில் ஒரே க, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பார்த்துச் சத்தத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். தெலுங்கு படித்துவிட்டு என் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் எல்லாருமே இதில்தான் இடறினார்கள். நாம் பிறந்ததிலிருந்து பேசுவதால் நமக்கே இது தெரிவதில்லை, அதனால் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை.

ஒரு நாள் உட்கார்ந்து இதை மட்டும் சொல்லிவிடுங்கள். சொல்லின் முதலில் வந்தாலோ இரட்டித்து வந்தாலோ அழுத்திச் சொல்ல வேண்டும்: கல், பக்கம். முன்னால் மூக்குச் சத்தம் வந்தால் மெலிந்துவிடும்: தங்கம், வண்டி, பந்து, கம்பு. நடுவில் தனியாக வந்தாலும் இளகிவிடும்: மகன், படம். பலூன், பஸ் மாதிரி வெளியிலிருந்து வந்த சொற்கள் இதற்கு அடங்காது, அதெல்லாம் கேட்டுப் பழகுவதுதான். உங்கள் பையனுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது, காதில் தமிழ் இருக்கிறது. கொஞ்சம் வேகம் வந்துவிட்டால், 'தங்க்கம்' என்று வாய் சொன்னதுமே காது திருத்திவிடும். வேகம் வருவதற்கு ஒரே வழி, படித்த பக்கத்தையே திரும்பப் படிப்பது. புதுப்புதுப் புத்தகமாக வாங்கிக் குவிக்க வேண்டாம். நீங்கள் ஒரு வரி, அவன் ஒரு வரி என்று மாறி மாறி வாசியுங்கள். தப்பு விட்டால் நடுவில் பாயாதீர்கள். வரி முடியட்டும்.

புத்தகம் அவனுக்குத் தகுந்ததா என்று பார்க்க ஒரு சுலபமான வழி. ஏதாவது ஒரு பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அது இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் வாங்கிய எட்டும் அந்த ரகமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

படித்தானா என்று தெரிந்துகொள்ள நோட்டு எதற்கு? 'என்ன புரிந்தது, சொல்லு' என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் சொல்லாது. நீங்கள் கதையைத் தப்பாகச் சொல்லுங்கள். 'அந்த நரி கடைசியில் கிணற்றில் விழுந்துடுச்சாமே' என்று சும்மா போட்டுப் பாருங்கள். படித்திருந்தால், 'நரி இல்லப்பா, ஓநாய், அதுவும் விழலை' என்று சண்டைக்கு வருவான். வாயைத் திறக்கவில்லை என்றால் படிக்கவில்லை. நோட்டை நானும் ஒரு காலத்தில் போட்டவள்தான், அதனால் உங்களை ஒன்றும் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில், ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கிற பள்ளிகளில், ரிச்சர்ட் ஆலிங்டன் என்பவரும் சிலரும் மூன்று கோடை விடுமுறைக்குத் தொடர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். முடிவு 2010-இல் வெளியானது. லீவு விடுவதற்கு முன்னால் பிள்ளைக்கு 12 புத்தகம் கொடுத்து அனுப்பினார்கள். மூன்று வருடம் கழித்து வாசிப்புத் தேர்வு வைத்துப் பார்த்தால், புத்தகம் வாங்காத பிள்ளைகளைவிட இவர்கள் முன்னால் இருந்தார்கள். அதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், அந்தப் புத்தகங்களைப் பிள்ளைகளே பொறுக்கிக்கொண்டார்கள். நடிகர், பாடகர், விளையாட்டுக்காரர் பற்றிய புத்தகங்களைத்தான் போட்டி போட்டு எடுத்தார்களாம். உங்கள் எட்டையும் யார் பொறுக்கினது?

---

பால்கணக்கு | ஏப்ரல் 5

நான்தான் டீச்சர். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார், நான் தலையாட்டினேன். எட்டில் ஆறு நீதிக்கதை.

பனங்காட்டான் அண்ணா, நீங்கள் எழுதினதை வாசித்துவிட்டு மனைவி சிரிக்கிறாள். எங்கள் பீரோவுக்குச் சாவி தொலைந்து மூன்று வருடம் ஆகிறது.

இப்போது வீட்டில் இன்னொரு பஞ்சாயத்து. என் மாமனாருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி, சொட்டு மருந்து விட்டுக்கொண்டு இங்கேதான் இருக்கிறார். டிவி பார்க்க விடமாட்டேன் என்கிறோம், அவருக்குப் பொழுது போகவில்லை. அவரும் பேரனும் ஒரே போனுக்குச் சண்டை.

---

லயத்து வீட்டுக்காரி, மூணாறு | ஏப்ரல் 7

அண்ணே, கண் தெரியாத தாத்தா ஒருத்தர் வீட்டில் இருக்கிறார், வாசித்துப் பழக வேண்டிய பேரன் ஒருத்தன் இருக்கிறான். இதை வைத்துக்கொண்டு இங்கே வந்து கேட்கிறீர்களே! தமிழ்ப் பேப்பர் வாங்கிப் போடுங்கள். தாத்தா கேட்கட்டும், அவன் வாசிக்கட்டும்.

நாங்கள் தேயிலை எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் இருக்கிறோம். பேப்பர் இங்கே வந்து சேர மத்தியானம் ஆகும், சில நாள் வரவே வராது. இரண்டு பெண் பிள்ளைகள், தமிழ் மீடியம்தான். நான் கொழுந்து எடுக்கப் போய்விட்டால் சாயங்காலம் வரை அவர்கள் தனியாக. புத்தகம் வாங்குகிற அளவுக்கு வசதி இல்லை. போனைப் பிடுங்குவதற்குப் பதிலாக அதிலேயே படிக்க வைத்தேன். ஸ்டோரிவீவர் என்று பிரதம் புக்ஸ்காரர்கள் 2015-இல் தொடங்கிய தளம் இருக்கிறது. காசு கிடையாது. கதைகளை நாலு நிலையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், எல்லாம் படத்தோடு. ஒரே கதை பல மொழியில் கிடைக்கும். உங்கள் பையனுக்கு அதுதான் தோது. முதலில் மலையாளத்தில் படிக்கட்டும், கதை தெரிந்துவிடும். மறுநாள் அதையே தமிழில் எடுத்தால், அடுத்து என்ன வரும் என்று தெரிந்தே படிப்பான், தடுமாற மாட்டான். எங்களுக்கு மேட்டில் சிக்னல் கிடையாது, டவுனுக்குப் போகும்போது கதைகளைப் போனில் டவுன்லோடு செய்துகொண்டு வருவேன். நெட்டை அணைத்துவிட்டுக் கொடுங்கள், அது முக்கியம். இல்லையென்றால் ரெண்டே நிமிடத்தில் கேமுக்குப் போய்விடுவார்கள்.

போடியில் இருக்கிற என் தங்கச்சி பிள்ளை பள்ளிக்கூடத்தில் வாசிப்பு இயக்கம் என்று சின்னச் சின்னப் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள், தமிழ்நாடு அரசு போட்டது. பதினாறு பக்கம்தான். எளிதிலிருந்து கடினம் வரை நாலு வகை: நுழை, நட, ஓடு, பற. பேரே அழகாக இருக்கிறது இல்லையா? என் சின்னவள் ஒன்றை ஒரே மூச்சில் முடித்துவிட்டு, 'அம்மா, நான் ஒரு முழுப் புத்தகம் படிச்சுட்டேன்' என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடினாள். மெலிசான புத்தகமாகக் கொடுங்கள் அண்ணே. பொள்ளாச்சிப் பிள்ளைகளுக்கு இன்னும் பள்ளிக்கூடம் நடக்கிறதே, அங்கே டீச்சரிடம் கேட்டு இரவல் வாங்க முடியுமா என்று பாருங்கள்.

---

வாயனசாலைக்காரன், சித்தூர் தாலுகா | ஏப்ரல் 9

நான் இந்தப் பக்கத்துச் சித்தூர். ஒரு கிராம வாயனசாலையில், அதாவது நூலகத்தில், செக்ரட்டரி. என் தமிழில் மலையாளம் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் முதல் கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. மலையாளத்தில் படிப்பதை நிறுத்த வேண்டாம், ஒரு நாள்கூட. எந்த மொழியில் சுகமாக வாசிக்கிறானோ அதில்தான் கதை ருசி வரும். ருசி வந்தபின் அது அடுத்த மொழியிலும் தேடும். நம் தாலுகாவில் இது புதிதும் இல்லை. மலையாளத்துக்குத் தந்தை என்று சொல்லும் துஞ்சத்து எழுத்தச்சன் கடைசிக் காலத்தில் இருந்த மடம் எங்கே இருக்கிறது? தமிழும் பேசுகிற நம் சித்தூரில், ஆற்றங்கரையில்.

பக்கத்தில் எந்த வாயனசாலை இருந்தாலும் பையனைக் கூட்டிக்கொண்டு போய் அவன் பெயரிலேயே மெம்பர்ஷிப் எடுங்கள். பாலவேதி என்று பிள்ளைகள் மன்றம் இருக்கும், லீவில் பிள்ளைகள் வருவார்கள். தமிழ்ப் புத்தகம் குறைவு என்பது எனக்கே தெரியும். எங்களிடம் ஒரு அலமாரி இருக்கிறது, பாதிக்கு மேல் பெரியவர்களுக்கான பழைய நாவல். காரணம் சொல்கிறேன். வருடா வருடம் லைப்ரரி கவுன்சில் கிராண்ட் வருகிறது, புஸ்தகோத்ஸவத்துக்குப் போய்ப் புத்தகம் வாங்குகிறோம். கமிட்டியில் உட்கார்ந்து எழுதும் லிஸ்டில் தமிழ் சிறுவர் புத்தகம் இருக்காது, ஏனென்றால் யாரும் கேட்டதே இல்லை. கேட்கிறவர் பெயரையும் புத்தகத்தின் பெயரையும் எழுதித் தந்தால் மறுக்க எங்களுக்கு நியாயம் இல்லை. வாயால் சொல்லாதீர்கள், தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். நாலு வீட்டுக் கையெழுத்து இருந்தால் இன்னும் நல்லது.

ஜூன் 19 வாயன தினம், அதாவது வாசிப்பு நாள். பி.என். பணிக்கர் 1995-இல் காலமான நாள். 1945-இல் அம்பலப்புழையில் 47 வாயனசாலைகளைக் கூட்டிச் சங்கம் தொடங்கியவர் அவர். பள்ளிக்கூடம் திறந்ததும் அந்த வாரம் வாசிப்பு நிகழ்ச்சிகள் நடக்கும். உங்கள் பையன் தமிழில் ஒரு பக்கம் வாசிக்கட்டும். நான் இருக்கிற இடமாக இருந்தால் மைக் நானே பிடிப்பேன்.

---

பால்கணக்கு | மே 11

ஒரு மாதம் கழித்து வருகிறேன். எல்லாருக்கும் நன்றிங்க. நடந்ததைச் சொல்கிறேன்.

மூணாறு தங்கச்சி சொன்ன மறுநாளே கோயமுத்தூர் பதிப்புப் பேப்பருக்குச் சொல்லிவிட்டேன். அப்புச்சிக்கு, அதாவது என் மாமனாருக்கு, முதலில் வேண்டியது தங்கம் விலை. அவரிடம் ஒரு குந்துமணி கிடையாது, ஆனாலும் தினமும் அது தெரிந்தாக வேண்டும். முதல் நாள் இவன் 'தங்க்கம்' என்று ஆரம்பித்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டே, 'அது எந்த ஊர்த் தங்க்கம்டா கண்ணு?' என்று கேட்டார். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். டீச்சர் சொன்ன கணக்கை நான் உட்கார்ந்து விளக்கினேன், அது பாதிதான் ஏறியது. மீதியைத் தங்கம் விலைதான் சொல்லிக்கொடுத்தது. தினமும் அதே சொல், அதே இடம். பத்து நாளில் சரியாக வந்துவிட்டது. அதற்குப் பின்னால் வண்டி, பந்து எதுவும் இடறவில்லை. 'பலூன்' மட்டும் இன்னும் பல்லோடுதான் நிற்கிறது.

விபத்துச் செய்தி வாசிக்க வேண்டாம் என்று அவன் அம்மா சொல்லிவிட்டாள். அதனால் அதைத்தான் இரண்டு பேரும் முதலில் வாசிக்கிறார்கள், கதவைச் சாத்திக்கொண்டு. பனங்காட்டான் அண்ணா சொன்ன சாவி இதுதான் போலிருக்கிறது.

கதைப் புத்தகம் அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. பீரோ மேலே இருந்த எட்டையும் இறக்கி விரலை மடக்கச் சொன்னேன். ஆறு புத்தகத்தில் ஐந்து விரலும் பாதிப் பக்கத்திலேயே போய்விட்டன. மீதி இரண்டில் ஒன்றைத்தான் எடுத்தான், அதில் ஒரு யானை வருகிறது. அதையே நாலு தடவை படித்துவிட்டான். போனில் மலையாளம், பிறகு தமிழ் என்று ஒரு வாரம் நடந்தது. அப்புறம் ஒருநாள் நெட்டை அணைக்க நான் மறந்தேன், அன்றோடு அது போயிற்று. கதையைத் தப்பாகச் சொல்கிற வித்தை மட்டும் பிரமாதம் டீச்சர். ஆனால் இப்போது கண்டுபிடித்துவிட்டான், 'அப்பா, நீங்க வேணும்னே தப்பா சொல்றீங்க' என்கிறான்.

எதிர்பார்க்காத ஒன்று சொசைட்டியில் நடந்தது. சாயங்காலம் என்னோடு வர ஆரம்பித்தான். பால் ஊற்றுகிறவர்களுக்குப் பெயர், லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு போக மீதித் திடச்சத்து), தொகை என்று பாஸ்புத்தகத்தில் எழுதிக் கொடுப்பேன். எழுத்துத் தெரியாத ஆத்தா ஒருத்தி, இவனிடம் நீட்டி, 'என்னன்னு போட்டிருக்கான் உங்கப்பன், வாசி கண்ணு' என்றது. இவன் நின்று நிதானமாக வாசித்தான், 'கொழுப்பு மூணு புள்ளி எட்டு'. ஆத்தா விடவில்லை, மிஷினில் நாலு புள்ளி ஒன்று காட்டியதைத் தான் பார்த்ததாகச் சொன்னது. திருப்பிப் பார்த்தேன். மேலே இருந்தவருடைய கணக்கை இறக்கி எழுதியிருக்கிறேன். நாலு பேர் முன்னால் வழிய வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து வரிசையில் நிற்கிறவர்களில் பாதிப் பேர் புத்தகத்தை அவனிடம் நீட்டுகிறார்கள், அவனுக்கு மூன்று மணி எப்போது ஆகும் என்று இருக்கிறது.

போன வாரம் பொள்ளாச்சிப் பிள்ளைகள் வந்தார்கள். பேப்பர் இரண்டு நாளாக மடிப்புக் கலையாமல் கிடக்கிறது, மூன்று பேரும் வாய்க்காலில். வரும்போது பள்ளிக்கூடத்திலிருந்து இரவல் வாங்கின சின்னப் புத்தகம் ஆறு கொண்டுவந்தார்கள். 'ஓடு' இரண்டு, 'நட' நாலு. தன்னால் 'பற' படிக்க முடியும் என்று இவன் வீறாப்பாகச் சொல்லியிருக்கிறான், நல்ல வேளை அது கொண்டுவரவில்லை.

வாயனசாலையில் மெம்பர்ஷிப் எடுத்தாயிற்று. மனு எழுதி ஏழு வீட்டில் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். செக்ரட்டரி, எந்தப் புத்தகம் வேண்டும் என்று பெயர் எழுதித் தரச் சொல்கிறார், அங்கேதான் மாட்டிக்கொண்டேன். மறுபடி கடைக்காரரிடம் போய்த் தலையாட்ட மாட்டேன். ஒன்பது பத்து வயதுக்கு, முப்பது பக்கத்துக்குள், யானையோ மாடோ வருகிற மாதிரி, கடைசிப் பக்கத்தில் நீதி இல்லாத தமிழ்ப் புத்தகம் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். கமிட்டி இருபத்தைந்தாம் தேதி கூடுகிறது.